விழாது என்று கை தூக்கியவர்கள்

இன்ஜினியர் சங்கத்தைச் சந்தி சிரிக்க வைத்தவள் என்றுதான் சுடர்விழியைப் பற்றி எங்கள் டவுனில் சொல்கிறார்கள். ஹார்டுவேர் கடையில் சொல்கிறார்கள். பிளாட் புரோக்கர்கள் சொல்கிறார்கள். கல்யாண வீட்டுப் பந்தியில் சாம்பார் ஊற்றுகிறவர்வரை சொல்லிவிட்டார். சொல்கிறவர்களில் பாதிப் பேருக்கு என்ன நடந்தது என்றே தெரியாது. மீதிப் பேருக்கு நன்றாகவே தெரியும், ஏனென்றால் அவர்கள் அங்கே இருந்தார்கள். நானும் இருந்தேன். அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் கவியரசன், பி.இ. சிவில். குடுமியான்மலைக்குப் பக்கத்தில் எங்கள் தெருவிலிருந்து காலேஜுக்குப் போன முதல் ஆள் நான். இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். அந்தப் பட்டத்தை யாரும் எனக்குத் தாம்பாளத்தில் வைத்து நீட்டவில்லை. சுடர்விழி அக்காவுக்கும் அப்படியே. நார்த்தாமலைப் பக்கம் சின்ன ஊர். அம்மா அடைக்கலமேரி ஆடு வளர்த்தார், நூறு நாள் வேலைக்குப் போனார். அப்பா ஆரோக்கியதாஸ் சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருந்தவர். ஊரார் பெற்ற பிள்ளைகள் அங்கே அடுக்குமாடி கட்டினார்கள், இங்கே அவர்கள் வீடுகள் ஓடு மாறுவதற்குள் தலை நரைத்துவிட்டது. ஆரோக்கியதாஸ் அனுப்பிய பணம் ஓட்டுக்குப் போகவில்லை, மகள் படிப்புக்குப் போனது.

படிப்பு முடித்து, திருச்சியில் ஒரு டிசைன் ஆபீசில் சில வருஷம் வேலை பார்த்துவிட்டு, எங்கள் டவுன் மெயின் ரோட்டில் ஒரு செல்போன் கடைக்கு மேலே அக்கா ஆபீஸ் போட்டார். நான் அவரிடம்தான் வேலை கற்றேன். மாடிப்படி ஏறி வருகிறவர்கள் முதலில் கேட்டது ஒரே கேள்விதான்.

"சார் இல்லீங்களா?"

"சார் இல்லீங்க. உக்காருங்க, நான்தான் இன்ஜினியர்."

"இல்லம்மா, இன்ஜினியரைப் பார்க்கணும்."

"அதான் பார்த்துட்டீங்களே. வீடு எந்த ஊருல?"

இப்படி ஆரம்பித்து, வந்தவர் கிளம்பும்போது தன் மனைவி தம்பிக்கும் ஒரு வீட்டு வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போவார். அக்கா வரைந்த கட்டடத்தில் கம்பி அதிகம் என்று குறை சொன்ன மேஸ்திரிகள் உண்டு. விரிசல் என்று குறை சொன்னவர் இல்லை.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் இருக்கிறது. வெளியில் யாரும் பேசமாட்டார்கள், நான் பேசுகிறேன். ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து யாரோ ஒருவர் பிளான் வரைவார். அப்ரூவலுக்குப் பதிவு பெற்ற பொறியாளர் கையெழுத்து வேண்டும். அந்தக் கையெழுத்தும் சீலும் வாடகைக்குக் கிடைக்கும். போட்டவர் அந்த மனையை மிதித்திருக்கமாட்டார், மண் கரிசலா செம்மண்ணா என்று தெரியாது. வீட்டுக்காரர் பெயரைக்கூடப் படித்திருக்கமாட்டார். கேட்டால், எல்லாரும் செய்வதுதானே என்பார்கள். டாக்டர் ஒருவர் நோயாளியைப் பார்க்காமல் ஆபரேஷன் செய்ததாகக் கையெழுத்துப் போட்டால் ஆஸ்பத்திரியை உடைப்பார்கள். நாங்கள் போட்டால் டீ வாங்கித் தருகிறார்கள். அக்கா அந்தக் கையெழுத்தைப் போட்டதில்லை. இது ஒன்றே பலருக்கு உறுத்தலாக இருந்தது.

ஆனாலும் சங்கம் என்றால் அவருக்கு உயிர். எங்கள் வட்டாரக் கட்டடப் பொறியாளர் சங்கத்தின் மாதாந்திரக் கூட்டம் ஒன்றுகூட அவர் விட்டதில்லை. கூட்டம் என்றால் பெரிய விஷயம் இல்லை. ஏதாவது ஒரு சிமெண்ட் கம்பெனிக்காரர் வந்து படம் காட்டுவார், பை கொடுப்பார், பிரியாணி போடுவார். அதிகம் மூட்டை தள்ளிய உறுப்பினருக்கு வெளிநாட்டு டூர் உண்டு. அந்தக் கூட்டத்திலும் எழுந்து, "பூகம்பத்துக்கான புது விதிகளைப் பத்தி ஒரு வகுப்பு வைக்கலாமா சார்?" என்று கேட்பார் அக்கா. பிரியாணி ஆறுகிறதே என்று பின்வரிசையில் முனகுவார்கள்.

அவரைத் துணைச் செயலாளராக ஆக்கியது சங்கத் தலைவர் சேவுகன். பெரிய கான்ட்ராக்ட் எல்லாம் எடுக்கிறவர், வெள்ளைச் சட்டையும் வெள்ளைக் காருமாக வருவார். "லேடீஸ் ஒருத்தர் இருந்தா குரூப் போட்டோவுக்கு நல்லாருக்கும்ப்பா" என்று மைக்கிலேயே சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை, பதவியை ஏற்றுக்கொண்டார். "உள்ள போனாத்தான் தம்பி ஏதாவது செய்ய முடியும்" என்று என்னிடம் சொன்னார்.

பிறகு சங்கத்துக்குச் சொந்தக் கட்டடம் கட்டுவது என்று முடிவானது. மெயின் ரோட்டில், புதுக்கோட்டை பஸ் நிற்கும் இடத்துக்கு ஒட்டி மனை வாங்கினார்கள். டிசைன் யார் செய்வது என்ற பேச்சு வந்தபோது அத்தனை பேரும் அக்காவைக் கை காட்டினார்கள். காசில்லாமல் செய்கிற ஆள் அவர்தான். பொறுப்புப் பொறியாளர் என்று அப்ரூவலில் அவர் கையெழுத்தே போனது.

தலைவருக்கு ஒரு ஆசை இருந்தது. முன்பக்கப் போர்டிகோ தூண் இல்லாமல் ரோட்டைப் பார்த்து நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். "போற வர்றவன் எல்லாம் அண்ணாந்து பார்க்கணும்மா. இன்ஜினியர் சங்கம்னா சும்மாவா." அக்கா கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, செய்யலாம் சார், ஆனா கம்பி வேலை சுத்தமா இருக்கணும் என்றார்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். சாதாரண கான்கிரீட் தளம் இரண்டு பக்கமும் சுவரில் உட்கார்ந்திருக்கும். சுமை ஏறினால் நடுவில் தொங்கப் பார்க்கும், அடிப்பக்கம் இழுபடும். அதனால் முக்கியக் கம்பி அடியில் இருக்கும். நீட்டிக்கொண்டு நிற்கும் தளம் அப்படி இல்லை. ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிக் கையை முன்னால் நீட்டிப் பாருங்கள், தோளுக்கு மேல்பக்கம்தான் வலிக்கும். அதுபோல அங்கே மேல்பக்கம் இழுபடுகிறது. முக்கியக் கம்பி மேலே இருக்க வேண்டும். அது கீழே இறங்கிவிட்டால் அந்தத் தளத்துக்குக் கம்பி இருந்தும் பயனில்லை. மேல் கம்பி இறங்காமல் தாங்குவதற்குக் கம்பியை வளைத்துக் கால் மாதிரி வைப்போம், அதற்கு எங்கள் பேச்சில் சேர் என்று பெயர். எந்த சிவில் காலேஜிலும் இரண்டாம் வருஷம் முடிவதற்குள் இது தெரிந்துவிடும். எங்கள் சங்கத்தில் இது தெரியாத உறுப்பினர் ஒருவர்கூட இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

கான்கிரீட் போடும் நாளுக்கு முந்தின சாயங்காலம் அக்காவும் நானும் மேஸ்திரி ராக்கனும் போர்டிகோ கம்பியை அளந்து பார்த்தோம். எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. நடப்பதற்குத் தனியாகப் பலகை போட்டுவைத்தோம்.

வீடு கட்டுகிறவர்கள் தளம் போடும் நாளில் பூஜை போட்டு, முதல் சட்டிக் கலவையை வீட்டுக்காரர் கையால் போடச் சொல்வது எங்கள் பக்கத்து வழக்கம். நல்ல வழக்கம்தான். வீட்டுக்காரரும் அவர் மனைவியும் ஆளுக்கொரு சட்டி போட்டு இறங்கிவிடுவார்கள். சங்கக் கட்டடத்துக்கு வீட்டுக்காரர் யார்? உறுப்பினர்கள் எல்லாரும். ஆகவே எல்லாரும் ஏறினார்கள். மனைவி மக்களோடு ஏறினார்கள். டீலர்கள் கம்பெனி பனியன் போட்டுக்கொண்டு ஏறினார்கள். மேலே ட்ரோன் பறந்தது. பேனர் ரோட்டுக்குத் தெரிய வேண்டும் என்பதால் கூட்டம் முழுக்கப் போர்டிகோ பக்கம் திரண்டது.

என்னை அக்கா கீழே கலவை மெஷினுக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தார், கலவையில் யாரும் தண்ணீர் கூட்டிவிடாமல் பார்த்துக்கொள்ள. அங்கிருந்து அவர் குரல் கேட்டது.

"சார், பலகை மேல நடங்க. கம்பிய மிதிக்காதீங்க."

"ஏம்மா, நாங்க என்ன கம்பி பார்க்காத ஆளா?" இது தலைவர்.

"சேர் சாயுது சார். அங்கிட்டு யாரும் நிக்க வேணாம், இங்கிட்டு வந்துருங்க."

"ஒரே ஒரு போட்டோம்மா. சிரிங்கப்பா எல்லாரும். ஒங்க இன்ஜினியரம்மா திட்டுறதுக்குள்ள சிரிங்க."

சிரித்தார்கள். மேல் கம்பியின் மேல் பாலிஷ் போட்ட ஷூக்களோடு நின்று, ஆளுக்கொரு சட்டி கையில் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். வளைத்த கால்கள் ஒவ்வொன்றாக மடங்கின. கலவையை மேலே ஏற்றும் பம்ப்பை அக்கா நிறுத்தச் சொன்னார். கொக்கியை எடுத்துக்கொண்டு இரண்டு சித்தாள்களோடு கலவைக்குள் முழங்கால்வரை இறங்கி, கம்பியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். தூக்கிய இடத்தில் அடுத்த குடும்பம் வந்து நின்றது. தலைவர் பம்புக்காரரைப் பார்த்துக் கையை ஆட்டினார். கலவை வந்து கொட்டியது.

எல்லாம் முடிந்து பந்தி நடக்கும்போது அக்கா கையெல்லாம் சிமெண்டோடு தலைவர் முன்னால் போய் நின்றார். "சார், போர்டிகோ போச்சு. கான்கிரீட் ஈரமா இருக்கப்பவே முன்பக்கத்தை எடுத்துருவோம். நாளைக்குத் திரும்பப் போட்டுரலாம்."

"இன்னைக்கு நல்ல நாளும்மா. வாயில நல்ல வார்த்தை வரட்டும். கையக் கழுவிட்டுச் சாப்பிட உக்காரு."

அக்கா விடவில்லை. கான்கிரீட் இறுகிய பிறகு, திருச்சியில் தான் படித்த காலேஜ் லேபிலிருந்து கம்பி எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது என்று காட்டும் மீட்டரைக் கேட்டு வாங்கி வந்தார். நானும் ஏணி பிடித்தேன். மேலே இருக்க வேண்டிய கம்பி, சுவரோரத்தில், அதாவது அது மிகவும் தேவைப்படும் இடத்தில், தளத்தின் பாதி உயரத்துக்கும் கீழே கிடந்தது. நாங்கள் ஏணியில் நின்றபோதே கீழே நிழலுக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் காய்கறிக் கூடைக்காரப் பெண்களும் நின்றுகொண்டிருந்தார்கள். தளம் இறுகும்வரை தாங்குவதற்காக அடியில் நிறுத்தியிருந்த இரும்பு முட்டுகளுக்கு நடுவே புகுந்து நின்றார்கள். அந்தப் பஸ் நிறுத்தத்தில் வேறு நிழல் கிடையாது.

செயற்குழு கூடியது. நானும் அதில் இருந்தேன். அக்கா படம் வரைந்து காட்டினார். வகுப்பு எடுப்பது மாதிரி அல்லாமல், கோர்ட்டில் பேசுவது மாதிரிப் பேசினார். "ரெண்டு வழிதான் சார். ஒண்ணு, உடைச்சுட்டு மறுபடி போடணும். இல்லன்னா முனையில ரெண்டு தூண் குடுக்கணும். தூண் குடுத்தா இது நீட்டிக்கிட்டு நிக்கிற தளமா இருக்காது, கீழ கிடக்குற கம்பியே போதும். நான் கணக்குப் பார்த்துட்டேன்."

"தூணா?" தலைவர் நாற்காலியில் சாய்ந்தார். "கல்யாண மண்டபக்காரன்கூடத் தூண் இல்லாம போடுறான். இன்ஜினியர் சங்கம் தூண் குடுத்தா எவன் நம்மளை மதிப்பான்? பத்திரிகை அடிச்சாச்சும்மா. பொறியாளர் தினத்தன்னைக்குத் திறப்பு விழா. பெரிய அதிகாரி வர்றார்."

பொருளாளர் உடையப்பன் வயதானவர். கோபமாகப் பேசத் தெரியாதவர். "இங்க பாரு தாயி. எந்தக் கட்டடமும் டிராயிங்குல இருக்க மாதிரி வர்றதில்ல. அதுக்குத்தான பாதுகாப்புக்குன்னு கூடுதலா வச்சுக் கணக்குப் போடுறோம். அது தாங்கும்."

"அது நமக்குத் தெரியாம நடக்குற தப்புக்கு சார். தெரிஞ்சே விடுற தப்புக்கு இல்ல."

"விழும்னு எழுதித் தருவியா?"

"விழாதுன்னு எழுதித் தரச் சொல்லித்தானே என்னைக் கேக்குறீங்க. கட்டடம் உறுதியா இருக்குன்னு சர்டிபிகேட். அதை நான் போடமாட்டேன்."

யாரோ பின்னாலிருந்து சொன்னார், ஆளைத் தெரியும், பெயர் எழுத எனக்கு அருவருப்பாக இருக்கிறது: "இதுகளை எல்லாம் படிக்க வச்சா இப்பிடித்தான்."

நான் எழுந்து கேட்டேன். "எதுகளை சார்? சொல்லுங்க, எதுகளை?" அவர் மொபைலைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். இப்படிப்பட்டவர்களுக்கு எப்போதும் அந்த நேரத்தில் ஒரு போன் வந்துவிடும்.

போர்டிகோ நன்றாக இருக்கிறது என்று ஒத்துக்கொள்பவர்கள் கை தூக்கலாம் என்றார் தலைவர். தூக்கினார்கள். உடையப்பன் சார் கடைசியாக, பாதி உயரத்துக்குத் தூக்கினார். இல்லை என்பவர்கள் என்றபோது அக்கா கையும் என் கையும் மட்டும் மேலே இருந்தன. கம்பி எங்கே கிடக்கிறது என்பதை ஓட்டுப் போட்டுத் தீர்மானித்த உலகின் முதல் சங்கம் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

அடுத்த நாளே அக்கா பொறுப்புப் பொறியாளர் என்பதிலிருந்து விலகுவதாக, காரணத்தோடு, பிளானுக்கு அப்ரூவல் கொடுத்த உள்ளூர் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தார். அங்கே இருந்தவர் வாங்கிப் படித்துவிட்டு, "சங்கமே கட்டுற கட்டடம். இன்ஜினியருங்களுக்கு நான் என்னம்மா சொல்றது?" என்று மேஜைக்குள் வைத்தார்.

வேலை குறைய ஆரம்பித்தது. டிசைனுக்கு வந்துகொண்டிருந்த உறுப்பினர்கள் திருச்சிக்குப் போனார்கள். பாதி நடந்த வேலைகளைக்கூடப் பிடுங்கிக்கொண்டார்கள். கீழே செல்போன் கடைக்காரர், தலைவருக்கு வேண்டியவர், மாடிக்கு வேறு ஆள் வருவதாக ஜாடையாகச் சொன்னார். அக்காவின் அப்பாவையும் யாரும் விடவில்லை. டீக்கடையில் ஆரோக்கியதாஸ் மாமாவை வைத்து ஒருவர் சொன்னாராம்: "பெரிய மனுசங்களைப் பகைச்சுக்கிட்டா ஒம் மகளுக்கு மாப்பிள்ளை எங்கிட்டுருந்து வரும்?"

"மாப்பிள்ளை வீட்டுல போர்டிகோ இருந்தா அவ முதல்ல அதைத்தான் பார்ப்பா" என்றாராம் அவர், டீயை ஆற்றிக்கொண்டே.

நான் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது மாமா எனக்குச் சொன்னார். "அங்க சிங்கப்பூருல ஒருநா ஒரு இன்ஜினியர் பய, மீசைகூட சரியா முளைக்கல, கிரேன் சரியில்லன்னு வேலைய நிறுத்திட்டான். ஓவர்டைம் போச்சேன்னு அவனை நாங்க அத்தனை பேரும் திட்டினோம். நானுந்தான். அன்னைக்கு யாரும் சாகல. சாகலங்கிறதால அவனை யாரும் நெனச்சுக்கூடப் பார்க்கல. அந்தப் பய பேரு எனக்குத் தெரியாது, தம்பி. அங்க அவன் சொன்னா சொன்னதுதான், அவன் முதலாளிகூட எதுத்துப் பேச முடியாது. இங்க எம் மக சொல்றா, ஒருத்தனும் கேக்க மாட்டேங்குறான்."

அக்கா அடுப்படியிலிருந்து, "அப்பா, சோறு ஆறுது" என்றார்.

திறப்பு விழா நெருங்கியது. உறுதிச் சர்டிபிகேட்டில் வேறொரு உறுப்பினர் கையெழுத்துப் போட்டார். அவர் அந்த மீட்டரைத் தொட்டுப் பார்க்கக்கூட இல்லை. முட்டு எடுக்க ஆள் வரச் சொன்னார்கள். தலைவர், உடையப்பன் சார், கை தூக்கியவர்களில் நிறையப் பேர் வந்திருந்தார்கள், முட்டு எடுத்ததும் அதையும் போட்டோ எடுக்க வேண்டுமாம். நான் அக்காவுக்குப் போன் போட்டேன். ஸ்கூட்டியில் வந்தார். முதலில் போர்டிகோவுக்குக் கீழே நின்ற பிள்ளைகளை ரோட்டுக்கு அந்தப் பக்கம் அனுப்பினார்.

மேஸ்திரி ராக்கன் சுத்தியலோடு நின்றுகொண்டிருந்தார். முட்டுகளை எடுப்பது என்றால் ஆட்கள் உள்ளே புகுந்துதான் எடுக்க வேண்டும். தளம் இறங்கினால் முதலில் அவர்கள் தலையில்தான் இறங்கும்.

"ராக்கண்ணே, ஆளுங்களை உள்ள விடாதீங்க" என்றார் அக்கா.

"ட்ராமா பண்ணாதம்மா" என்றார் தலைவர். "நீ விலகிட்டேல்ல. ஒனக்கு இங்க என்ன வேலை?"

"எனக்கு வேலை இல்ல சார். ஒங்களுக்குத்தான் வேலை. விழாதுன்னு கை தூக்குனீங்கல்ல, எல்லாரும் ஒருதடவை வந்து கீழ நில்லுங்க. அப்புறம் அண்ணன் முட்டுகளை எடுக்கட்டும். கான்கிரீட் போட அத்தனை பேரு வந்தீங்க, இதுக்கும் வாங்க."

ஒரு உறுப்பினர் சிரித்தார். "நீ முதல்ல நில்லும்மா, நாங்க பின்னாடி வாரோம்."

"நான் எதுக்குங்க நிக்கணும்? நான்தான் விழும்னு சொன்னவளாச்சே."

தலைவர் சுற்றிலும் பார்த்தார். வெயில் அடித்துக்கொண்டிருந்தது, போர்டிகோவுக்குக் கீழேதான் நிழல். அத்தனை பொறியாளர்களும் வெயிலில் நின்றார்கள். சர்டிபிகேட்டில் கையெழுத்துப் போட்டவர் காருக்குள் எதையோ தேடப் போனார். உடையப்பன் சார் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ராக்கன் மெதுவாகக் கேட்டார். "அய்யா, ஒரே ஒரு ஆளாச்சும் வந்து நில்லுங்க. எம் மச்சினனும் இதுல வேலை பார்க்கிறான். ஒங்கள்ல ஒருத்தர் நின்னா அவனை உள்ள விடுறேன்."

"கூலி வாங்குற ஆளு நீ. சொன்னதைச் செய்" என்றார் தலைவர்.

"அதான் சொல்றேங்க. கூலிக்கு வந்தவன்தான். உசுரைக் குடுக்க வரல." சுத்தியலை வண்டியில் போட்டுவிட்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். ஒருவரும் தடுக்கவில்லை. தடுக்க வேண்டுமென்றால் கீழே போய் நிற்க வேண்டுமே.

சட்டப்படி, புத்தகப்படி, சங்க விதிப்படி எத்தனை பேசியிருப்பார் அக்கா. ஒன்றும் ஏறவில்லை. சொந்தத் தலை என்று வந்தபோது அத்தனை பேருக்கும் இரண்டாம் வருஷப் பாடம் ஒரே நொடியில் ஞாபகம் வந்துவிட்டது. அப்படியானால் கூடைக்காரப் பெண்கள் தலை, பள்ளிக்கூடப் பிள்ளைகள் தலை, ராக்கன் மச்சினன் தலை எல்லாம் என்ன?

திறப்பு விழா முட்டோடுதான் நடந்தது. இரும்பு முட்டுகளுக்குச் சரிகைத் துணி சுற்றி, இருபுறமும் வாழைமரம் கட்டி மறைத்திருந்தார்கள். வந்த அதிகாரி அண்ணாந்து பார்த்து, "இன்னும் வேலை பாக்கி இருக்கா?" என்றார்.

"க்யூரிங் சார்" என்றார் தலைவர்.

தளத்துக்குத் தண்ணீர் விட்டு இறுக வைப்பதைத்தான் க்யூரிங் என்போம், அது எப்போதோ முடிந்திருந்தது; அதிகாரி சிவில் படித்தவர் இல்லை. தலையாட்டிவிட்டு ரிப்பனை வெட்டினார். பிறகு பொறியாளரின் சமூகப் பொறுப்பு என்ற தலைப்பில் தலைவர் நீண்ட நேரம் பேசினார்.

அடுத்த பொதுக்குழுவில் அக்காவை நீக்கினார்கள். சங்க நலனுக்கு விரோதமாக நடந்தது, உறுப்பினர்களைப் பொது இடத்தில் அவமதித்தது என்று தீர்மானம். பேச அவருக்கு வாய்ப்புக் கொடுத்தார்கள். "நான் எல்லாரையும் கூப்பிட்டது நிழலுக்குத்தான். வராதது நீங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். மறுபடியும் கைகள் உயர்ந்தன. நான் எதிர்த்தேன், அது கணக்கில் வரவில்லை.

முட்டு மட்டும் நின்றுகொண்டே இருந்தது. ராக்கன் தொடமாட்டேன் என்றுவிட்டார். அவர் தொடாததை இந்த வட்டாரத்தில் வேறு எந்த மேஸ்திரியும் தொடவில்லை. முட்டு வாடகைக்கு விட்டவர் தன் இரும்பைக் கேட்டு நச்சரிக்க ஆரம்பித்தார். ஐப்பசி மழைக்கு முன்னால் ஒருநாள் நான் அந்தப் பக்கம் போனபோது முனையில் இரண்டு அஸ்திவாரக் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். தூண் எழுந்தது. அதற்குக் கல் ஒட்டினார்கள். சங்க ஆண்டு மலரில், முகப்புக்குக் கம்பீரம் சேர்க்கத் தொழில்நுட்பக் குழு எடுத்த முடிவு என்று எழுதினார்கள். அந்த மலரைக் கிழித்துப் போட்டேன். கிழிந்த தாள்களை அக்காவிடம் எடுத்துப்போய்க் கத்தினேன்.

"அது ஒங்க கணக்கு. திருடிட்டுப் பேரை மாத்திட்டாங்க. பேப்பர்ல எழுதுவோம், கேஸ் போடுவோம்."

"தூண் சரியான எடத்துல வச்சிருக்காங்களா?"

"வச்சிருக்காங்க."

"அஸ்திவாரம் எவ்வளவு ஆழம் போனாங்க, பார்த்தியா?"

எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. அவர் பெருந்தன்மைக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள், அவருக்கும் கோபம் உண்டு. அது என் கோபம் மாதிரி கத்தாது, அவ்வளவுதான். போன மாதக் கூட்டத்தன்று அது எப்படி இருக்கும் என்று பார்த்தேன்.

கூட்டம் ஆரம்பிக்கும் முன்னால் அக்கா உள்ளே நுழைந்து, உடையப்பன் சார் மேஜைக்கு நேராகப் போய், புது உறுப்பினர் விண்ணப்பத்தை வைத்தார்.

உடையப்பன் சார் கண்ணாடியைக் கழற்றினார். "ஏந்தாயி, வெரட்டுன எடத்துக்கே எதுக்கு வர்ற? தனியா நல்லாத்தான இருக்க. கரூர், திருச்சின்னு வேலை வருதுன்னு கேள்விப்பட்டேன்."

"வருது சார். எனக்காக வரல."

"பின்ன?"

"இன்னைக்கு நம்ம வட்டாரத்துல எத்தனை பொண்ணுங்க, பசங்க புதுசா சிவில் முடிச்சிட்டு வர்றாங்க? நாளைக்கு ஒருத்தன் ஒரு சைட்டுல, இது சரியில்லன்னு வேலைய நிறுத்துவான். அவனைத் திட்ட ஊரே வரும். அவன் பக்கம் வந்து நிக்க ஒரு சங்கம் வேணும்ல? இந்த ஊருக்கு இருக்குறது இந்த ஒரு சங்கம். இதை ஒங்களுக்கு விட்டுட்டு நான் எங்கிட்டுப் போக?"

தலைவர் தூரத்திலிருந்து, "ரெண்டு உறுப்பினர் முன்மொழியணும். விதி இருக்கு" என்றார், திரும்பிப் பார்க்காமலே.

நான் போய் என் கையெழுத்தைப் போட்டேன். அழுத்திப் போட்டதில் தாள் லேசாகக் கிழிந்தது. இரண்டாவது இடம் காலியாக இருந்தது. அறையில் நிறையப் பேர் இருந்தார்கள். சமோசாவும் டீயும் வந்தன. உடையப்பன் சார் கிளாஸ் வைக்க இடம் வேண்டி விண்ணப்பத்தை ஓரமாகத் தள்ளினார். அக்கா அதை எடுத்து, அவர் கிளாஸைக் கொஞ்சம் நகர்த்தி, மறுபடியும் அவர் முன்னால் நேராக வைத்தார். பேனாவைத் திறந்து அதன் மேல் வைத்தார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"டீயைக் குடிங்க சார், ஆறிடும்" என்றார். "நான் இருக்கேன்."